திகதி குறி, பிறகு மூட்டை கட்டு

நடுவர் அவர்களே, எதிரணியில் இருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, கிளிநொச்சிச் சபையோரே, வணக்கம்.

ஆக்கிரமித்த நாட்டை விட்டு அந்நியப் படை எப்போது போக வேண்டும்? நிலைமை சீரான பிறகா, திகதி குறித்தா? நாங்கள் திகதியின் பக்கம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "வீடு எரியும்போது வாளியோடு நிற்பவனைப் போகச் சொல்லலாமா?" ஐயா, அந்த வாளிக்காரன்தானே நெருப்புப் பெட்டியோடு வந்தவன்!

நிலைமை சீராகிவிட்டதென்று யார் தீர்ப்புச் சொல்வது? இருக்கிறவனேதான். சண்டை நடந்தால் "பாதுகாப்பில்லை, நிற்கிறோம்" என்பான். சண்டை ஓய்ந்தால் "நாங்கள் நிற்பதால்தான் ஓய்ந்தது" என்பான். இரண்டு பக்கமும் தலை விழுகிற நாணயம் இது. 1882 இல் எகிப்துக்குள் நுழைந்த பிரித்தானியா, போகிறோம் போகிறோம் என்று எத்தனையோ தடவை சொன்னது. கடைசியில் 1954 ஒக்ரோபரில் "20 மாதம்" என்று ஒப்பந்தத்தில் எண் எழுதிய பிறகுதான், 1956 யூனில் கடைசிச் சிப்பாய் சுயெசை விட்டுக் கிளம்பினான். (அந்த ஆண்டு முடியுமுன்னரே குண்டோடு திரும்பி வந்தது அவர்களின் குணம், ஒப்பந்தத்தின் குறையல்ல.) ஒஸ்திரியாவில் 1955 மே 15 இல் கையெழுத்து, உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து 90 நாளில் நான்கு வல்லரசுகளின் படைகளும் வெளியே. "விடுவோம்" என்பதற்கும் "இன்ன திகதியில் விடுவோம்" என்பதற்கும் உள்ள தூரத்தை இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்நியப் படை விடயம் அல்லத்தான், ஆனாலும் 2017 இல் கேப்பாப்பிலவு வீதியோரம், இராணுவம் பிடித்து வைத்திருந்த தங்கள் காணிக்காகக் குந்தியிருந்த சனம் அந்தத் தூரத்தை அளந்திருக்கிறது.

இனி எதிரணியின் பெரிய ஆயுதம்: காபூல். "அமெரிக்கர் திகதி குறித்தார்கள், ஆப்கானிஸ்தான் தலிபானிடம் விழுந்தது." நாடு விழுந்தது உண்மை. எதனால் விழுந்தது என்று பார்ப்போம்.

குளத்து நீரை இறக்க வேண்டுமென்றால் துருசைத் திறக்கிறோம், குளக்கட்டை வெட்டுவதில்லை. காபூலில் வெட்டினது கட்டை. 2020 பெப்ரவரி 29 டோகா ஒப்பந்தம் அமெரிக்காவும் தலிபானும் போட்டது, அதில் ஆப்கான் அரசு தரப்பே இல்லை. அதன்படி சிப்பாய்கள் மட்டுமல்ல, பயிற்சியாளர், ஆலோசகர், ஒப்பந்த வேலையாட்கள் எல்லோரும் 14 மாதத்தில் போக வேண்டும். இங்கேதான் ஆணி கழன்றது. ஆப்கானியர் தாங்களே பெருமளவு திருத்தத் தெரிந்த ரஷ்ய எம்ஐ-17 ஹெலிகொப்டர்களுக்குப் பதிலாக, அமெரிக்க பிளக் ஹோக்குகளைக் கொடுத்துப் பழக்கியிருந்தார்கள். அதைத் திருத்துகிறவன் வெளிநாட்டு மெக்கானிக். அவன் போனால் வானூர்தி தரையில். வானூர்தி தரையில் என்றால், தூரத்துக் காவலரணுக்கு ரவையும் போகாது, சாப்பாடும் போகாது, காயப்பட்டவனும் திரும்பி வரமாட்டான். அப்படி நிற்கிற சிப்பாய் துவக்கைக் கீழே வைக்காமல் என்ன செய்வான்? 2021 யூலைத் தொடக்கத்தில் பக்ராம் விமானத் தளத்தை இரவோடிரவாக விட்டுப் போனார்கள். பொறுப்பேற்க வேண்டிய ஆப்கான் தளபதி, அவர்கள் போன பிறகுதான் அறிந்ததாகச் சொன்னார். ஆகஸ்ட் 15 காபூல் போயிற்று, கடைசி விமானம் ஏறியது ஆகஸ்ட் 30. படை போய் முடியுமுன்னரே அரசு போய் முடிந்தது.

அதே நாடு, முப்பது வருடம் முன்னால், அப்போது நின்றது சோவியத் படை. 1988 ஏப்ரல் 14 ஜெனீவாவில் கையெழுத்து. மே 15 தொடக்கம், முதல் மூன்று மாதத்தில் பாதிப் படை, 1989 பெப்ரவரி 15 இல் முழுதும். ஏறக்குறைய ஒரு லட்சம் பேரும் சொன்ன நாளுக்குள் போய் முடிந்தார்கள், கடைசி அணி எல்லையில் ஆமு தரியாப் பாலத்தைக் கடந்தது. அவர்கள் தாங்கி நின்ற நஜிபுல்லா அரசு அடுத்த வாரமே விழுமென்று உலகம் பார்த்திருந்தது. மார்ச்சில் ஜலாலாபாத் நகரத்தைச் சுற்றி வளைத்த முஜாகிதீன் கிளர்ச்சியாளர்களால் அதைப் பிடிக்க முடியவில்லை. ஏன்? போனது சிப்பாய்தான். எரிபொருள், ஆயுதம், உணவு, பணம் மொஸ்கோவிலிருந்து வந்துகொண்டே இருந்தன. அந்தக் குழாய் 1992 தொடக்கத்தில் அடைபட்டது, ஏப்ரலில் அரசு விழுந்தது. அவரை விழுத்தியது நாட்காட்டியா, வெறும் டீசல் தாங்கியா? நடுவர் யோசிக்க வேண்டும்.

ஈராக்கின் மொசூல் நகரத்தையும் சொல்வார்கள். 2008 நவம்பர் ஒப்பந்தப்படி 2009 யூன் 30 க்குள் நகரங்களை விட்டும், 2011 டிசம்பர் 31 க்குள் நாட்டை விட்டும் அமெரிக்கப் படை போனது. 2014 யூன் 10 மொசூல் ஐ.எஸ். இயக்கத்திடம் விழுந்தது. அதே 2014 நவம்பரில் ஈராக் பிரதமர் அபாதி என்ன அறிவித்தார்? சம்பளப் பட்டியலில் 50,000 ஆவிச் சிப்பாய்கள். பெயர் இருக்கிறது, ஆள் இல்லை, சம்பளம் மேலதிகாரியின் பையில். ஏற்கெனவே இருந்த ஈராக் இராணுவத்தை 2003 மேயில் ஒரே கட்டளையில் கலைத்துவிட்டு எட்டு வருடம் பக்கத்திலேயே நின்றவர்கள் கட்டிக் கொடுத்தது இதைத்தான். இன்னும் எட்டு வருடம் நின்றிருந்தால் ஆவி ஒரு லட்சமாகியிருக்கும்.

ஆகவே எங்கள் அணி வெறும் நாட்காட்டியைத் தூக்கிப் பிடிக்கவில்லை. திகதி எழுதிய மறுநாளே வேலை தொடங்க வேண்டும். முதலில் சம்பளப் பட்டியலை ஆள் ஆளாக நிறுத்தி எண்ணி, பணத்தை நேரே வங்கிக் கணக்குக்கு மாற்றுவது. ரோந்தை நகரத்திலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே முகாமுக்குள் அடக்குவது. முகாமைக் கையளிக்கும்போது கிணறு, ஜெனரேற்றர், காணி உறுதி, ரவைப் பெட்டி என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட பட்டியல். கண்ணிவெடி வரைபடத்தைக் கட்டாயம் கொடுத்துவிட்டுப் போவது. முகமாலைப் பக்கம் போனவருக்கு அதன் பெறுமதி தெரியும். படைக்கு வேலை செய்த மொழிபெயர்ப்பாளருக்கு விசா கடைசி வாரத்தில் அல்ல, முதல் மாதத்தில். சிப்பாய் போன பிறகும் மெக்கானிக் நிற்கலாம், ஆனால் அந்த நாட்டு அரசு போட்ட ஒப்பந்தத்தில், அந்த அரசின் சம்பளத்தில். விமான நிலையம் கடைசி.

இங்கேயும் 1987 யூலை 29 ஒப்பந்தத்தோடு இந்தியப் படை வந்தது. ஜனாதிபதி பிரேமதாசா திகதி கேட்டார், இழுபட்டு 1990 மார்ச் 24 திருகோணமலையில் கடைசிக் கப்பல். போகிற அவசரத்தில் பொடியளைக் கட்டாயமாகப் பிடித்துத் தமிழ்த் தேசிய இராணுவம் என்று கட்டினார்கள். அது சில மாதத்துக்கு மேல் தாங்கவில்லை.

மணி அடிக்கிறது நடுவர் அவர்களே. அடுத்து எழும்பும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒன்றுதான் கேட்கிறேன். "நிலைமை சீராகிவிட்டது, இனிப் போகிறோம்" என்று, திகதி எதுவும் எழுதிக் கொடுக்காமல், தானாகவே எழும்பிப் போன ஒரு ஆக்கிரமிப்புப் படையின் பெயரைச் சொல்லட்டும். எந்த நாடு, எந்த ஆண்டு?