முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிடுங்கள்

(முதலாண்டு மாணவர் வரவேற்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கே இருக்கும் பல வீடுகளில் கல்லூரிக்கு வரும் முதல் பிள்ளை நீங்கள்தான். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்களும் நிறையப் பேர். முக்கியமாக உங்களிடம்தான் பேச வந்தேன்.

பிளஸ் டூவில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை, முதல் செமஸ்டரில் அதே கணக்கில் அரியர் வைக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் அறிவு எங்கே போய்விடும்? வகுப்பில் ஆசிரியர் ‘டெரிவேடிவ்’ என்கிறார். தான் படித்த வகைக்கெழுதான் அது என்று பிடிபடுவதற்குள் பலகையில் மூன்று வரி ஓடிவிடுகிறது. கேட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிடுகிறது. ஒரு மாதம் இப்படிப் போனால், எதைக் கேட்பது என்பதே தெரியாத நிலை வந்துவிடும். அரியர் அங்கேதான் விழுகிறது, தேர்வு அறையில் அல்ல.

ஆகவே கேளுங்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமா, ஸ்டாஃப் ரூமுக்குப் போங்கள். போகும்போது, “சார், ஒண்ணுமே புரியல” என்று நிற்காதீர்கள். நோட்டை விரித்து, “சார், இந்த மூணாவது வரி வரைக்கும் போட்டுட்டேன், இதுக்கு அடுத்தது எப்படி வந்துச்சுன்னு தெரியல” என்று விரல் வைத்துக் காட்டுங்கள். எங்கே தடுக்கிறது என்று தெரிந்துவிட்டால் சொல்லிக் கொடுப்பது எந்த ஆசிரியருக்கும் எளிது. முயன்று பார்த்துவிட்டு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப யாருக்கும் மனம் வராது.

உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்வதும் படிப்புதான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே! அன்றைய பாடத்தை அன்று இரவே, நோட்டை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். விடுபட்டது எதுவோ, மறுநாள் அதைத்தான் கேட்க வேண்டும்.

வருகைப்பதிவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எழுபத்தைந்து சதவீதத்தை விட்டுவிடாதீர்கள்.

பண விஷயத்திலும் வாய் திறந்து கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022இல் வந்தது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024இல் வந்தது. மாதம் ஆயிரம் ரூபாய், மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் அது பெரிய காசு. கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே விசாரித்துவிடுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை போன் செய்தால் மார்க்கை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், முதலில் சாப்பாடும் தூக்கமும் எப்படி என்று கேளுங்கள். புது ஊர், புது விடுதி என்று பயந்து போயிருக்கும். உங்களிடம்கூடச் சொல்ல முடியாத பாரம் அதன் மனசில் இருக்கலாம். பிள்ளைகளே, அப்படி ஒரு நாள் வந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்குப் பேசுங்கள். இரவு இரண்டு மணி ஆனாலும் எடுப்பார்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.