வெங்காயத்தை யார் உரித்தது?

வணக்கம் நேயர்களே. குழந்தைகளுக்குச் சித்திரக்கதை எழுதுவது என் வேலை. படம் வரைபவர் வேறொருவர். எந்தக் கட்டத்தில் என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார்கள் என்று எழுதிக் கொடுப்பவள் நான். இப்போது கையில் இருப்பது ஒரு சமையல் சாகசக் கதை. பத்து வயதுப் பையன் ஒருவன், அவனுக்கு அடுப்பாக இருக்கும் ஒரு குட்டி டிராகன். இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய்ச் சமைக்கிறார்கள்.

முதல் வரைவில் ஒரு பக்கம் இப்படி இருந்தது. ஊரே பசியில் கிடக்கிறது. பையன் மந்திரக் கரண்டியால் பானையைத் தட்டுகிறான். அடுத்த கட்டத்தில் பானை நிறைய சூப். எட்டு வயதாகும் என் அண்ணன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டாள். "அத்தை, வெங்காயத்தை யாரு உரிச்சாங்க?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை. தீ கக்கும் டிராகனை அவள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டாள். பேசும் காளானையும் ஏற்றுக்கொண்டாள். உரிக்காத வெங்காயம் சூப்பாகிவிட்டதைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. அந்தப் பக்கத்தைத் தூக்கிவிட்டேன். காய்கறி மந்திரமாக இருக்கலாம், அடுப்பு மந்திரமாக இருக்கலாம், சமையல் மட்டும் சமையலாகவே இருக்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்புறம்தான் கதை சூடு பிடித்தது. டிராகன் முழு மூச்சில் தீயைக் கக்கினால் முட்டை என்ன ஆகும்? வெளியே கருகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். சூடு உள்ளே போய்ச் சேர நேரம் வேண்டும். வெள்ளைக்கரு 62 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இறுகத் தொடங்கிவிடும். மஞ்சள் கருவுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடினால் போதும். ஆகவே எங்கள் டிராகன் முதலில் கற்கும் வித்தை, மூச்சை அடக்கிச் சிறுதீயாக விடுவது. ரொட்டிக்கு வேறு பாடம். அதன் மேல்பக்கம் நன்றாகச் சிவக்க 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் வேகும் மாவு 100 டிகிரியைத் தாண்டாது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் சிவக்காது. சிவந்த ரொட்டி கேட்கும் ராட்சசனை வேகவைத்த மாவைக் கொடுத்து ஏமாற்ற முடியாது. அந்த அத்தியாயமே இதை வைத்துத்தான் ஓடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மலை அத்தியாயம். அந்த மலை உச்சியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் பயறு வேகாது. சூனியக்காரியின் சாபம் என்று ஊர் நம்புகிறது. பையன் அவள் குகைக்குப் போனால், அவள் பானையிலும் பயறு கல்லாகக் கிடக்கிறது, அவளும் பசியோடு உட்கார்ந்திருக்கிறாள். காரணம் உயரம். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அதைச் சூடாக்க வேண்டுமானால் நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கொல்லன் ஒருவன் இறுக்கமான மூடியோடு பாத்திரம் செய்து தருகிறான். டெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர் 1679-ல் உண்மையிலேயே இப்படி ஒன்றைச் செய்தார். வெடிக்காமல் இருக்க வால்வும் வைத்தார். படிக்கும் பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்கக் கிளம்பலாம் இல்லையா, அதனால் அந்த வால்வைப் பெரிதாக வரையச் சொல்லி ஓவியரிடம் பிடிவாதம் பிடித்தேன்.

சமையல் குறிப்பும் சித்திரக்கதையும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. நறுக்கு, போடு, கிளறு, மூடு: ஒவ்வொன்றும் ஒரு கட்டம். கட்டங்களுக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடைவெளியில்தான் உணவு வேகிறது. காத்திருப்பதைக் காட்ட ஒரு வரிசை முழுவதையும் பேச்சில்லாமல் விட்டோம். மூன்று கட்டங்களிலும் அதே பானைதான், நிழல் மட்டும் நகர்ந்திருக்கும். மூடி திறக்கும் படத்தை எப்போதும் பக்கத்தைப் புரட்டிய பிறகுதான் வைப்போம். புரட்டும் அந்த ஒரு நொடி வாசகருக்கு நாக்கில் நீர் ஊற வேண்டும்.

காகிதத்தில் மணம் வராது. ஓசையைக் கொண்டுவரலாம், அதற்குத் தமிழ் மாதிரி கைகொடுக்கும் மொழி எனக்குத் தெரிந்து இல்லை. சூடேறும் தண்ணீர் 'உஸ்ஸ்', கொதி வந்ததும் 'தளதள', ஈரத்தோடு எண்ணெயில் விழுந்த வெங்காயம் 'சொய்ங்ங்', ஆறிய ரொட்டியின் ஓரம் 'மொறுமொறு'. ஒருமுறை எழுத்துப் போடுபவர் இடம் போதாமல் 'தள' ஒரு கட்டத்திலும் இன்னொரு 'தள' அடுத்த கட்டத்திலும் எழுதிவிட்டார். இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்று தொல்காப்பியமே சொல்கிறதே! சேர்த்து எழுத வைத்தேன். பானை மறுபடி கொதித்தது.

இந்த வகைக் கதைகளுக்கு நல்ல முன்னோர்கள் உண்டு. ஆஸ்டெரிக்ஸ் என்ற பிரெஞ்சுச் சித்திரக்கதை வரிசையில் 1962-ல் நூலாக வந்த ஒரு கதையில், மந்திரக் கஷாயத்துக்குப் புல்லுருவி அறுக்கும் பொன் அரிவாள் உடைந்துபோகிறது. புது அரிவாள் தேடி இரண்டு நண்பர்கள் நெடும்பயணம் போகிறார்கள். சமையலுக்கு வேண்டிய ஒரு கருவி இல்லாமல் போனதே முழுச் சாகசமாகிவிட்டது. ஜப்பானில் தகாஷி யானாசே 1973-ல் ஒரு படக்கதைப் புத்தகத்தில் அன்பான்மானைக் கொண்டுவந்தார். அந்த நாயகனின் தலை ஒரு பன் ரொட்டி. பசித்தவருக்குத் தன் முகத்தையே பிய்த்துக் கொடுப்பான். ரொட்டி சுடும் பெரியவர் புதுத் தலை சுட்டுத் தருவார். யானாசே போர்க்காலத்தில் பசியை அனுபவித்தவர். அது தெரிந்த பிறகு அந்தப் படங்களைச் சாதாரணமாகப் புரட்ட என்னால் முடிவதில்லை.

சரி, தூக்கிய பக்கத்துக்கு வருகிறேன். புதுப் பக்கத்தில் ஊரே வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்து நறுக்குகிறது. நறுக்கும்போது கிளம்பும் வாயு கண் ஈரத்தில் பட்டு எரிகிறது, எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். டிராகனும் அழுகிறது. அதன் கண்ணீர் வழிந்து வாயில் இருந்த தீ அணைந்துபோகிறது. மறுபடி மூட்ட ஒரு பக்கம் ஆகிறது.

அண்ணன் மகள் அதை இரண்டு தரம் படித்தாள். "இப்ப சரி அத்தை," என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெங்காயத்தைத் தண்ணியில நனைச்சு நறுக்கியிருந்தா டிராகன் அழுதிருக்காதுல்ல?" என்றாள். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை இரண்டாம் பாகத்தில் சூனியக்காரிக்குக் கொடுத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.