ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(தொழில் தொடங்க விரும்பும் மாணவர்களுக்கான பயிலரங்கின் நிறைவு நாளில் பேசியது.)

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்த அரங்கை மூன்று நாளும் நமக்காகத் திறந்துவைத்த கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் கடன் பெறும் வழிமுறைகளை அழகாக விளக்கி அமர்ந்திருக்கும் வங்கி மேலாளர் அவர்களே, வணிகவியல் துறைப் பேராசிரியப் பெருமக்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களே, நாளைக்குப் பலருக்கு வேலை கொடுக்கப்போகும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். தேர்வு நெருங்கும் நேரத்தில் மாணவர்களை மூன்று நாள் வெளியே விடுவது எளிதான முடிவு இல்லை. துறைத் தலைவர்கள் தயங்கியபோது, "பாடத்தைப் பிறகு நடத்திக்கொள்ளலாம்" என்று அவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். நாற்காலி போட்டதிலிருந்து ஒலிபெருக்கி வரைக்கும் பார்த்துக்கொண்ட தன்னார்வ மாணவர்களுக்கும் என் நன்றி.

அழைப்பிதழில் என் தலைப்பு, "தொழில்முனைவோருக்கு வேண்டிய ஐந்து திறன்கள்". ஒன்று, வாடிக்கையாளர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது. இரண்டு, விற்பது. மூன்று, கணக்கு. நான்கு, ஆட்களைச் சேர்த்து வேலை வாங்குவது. ஐந்து, ஒப்பந்தம், வரி, உரிமம் பற்றிய அடிப்படைச் சட்ட அறிவு. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது. உங்கள் யோசனை நன்றாக இருக்கிறதா என்று நண்பர்களிடம் கேட்காதீர்கள். உங்கள் மேல் உள்ள அன்பினால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். யாருக்கு விற்கப்போகிறீர்களோ அவரிடம் போய், "இந்தச் சிரமத்தை இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள், அதற்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். எதுவுமே செலவழிக்கவில்லை என்றால் அந்தச் சிரமம் அவருக்குப் பெரிதாக இல்லை என்று பொருள். இரண்டாவது, விற்பனை. நேற்று முழுக்க அதைத்தான் பயிற்சி செய்தீர்கள், அதனால் தாண்டிப் போகிறேன்.

மூன்றாவதுக்கு வருவோம். நம் முன்னோர் சொன்ன பழமொழி ஒன்று: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. தூக்கி எறிவதாக இருந்தாலும் எவ்வளவு எறிந்தோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இருபது வருடமாக எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்.

ஒரு மனிதரின் கதை சொல்கிறேன், கேளுங்கள். ஜோசையா வெட்ஜ்வுட். இங்கிலாந்தில் 1730இல் ஒரு குயவர் குடும்பத்தில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தை இறந்துபோனார். அப்புறம் அம்மை கண்டு, ஒரு கால் முழங்கால் வலுவிழந்தது. அங்கே அப்போது குயவனின் சக்கரத்தைக் காலால் உதைத்துத்தான் சுற்றுவார்கள். அந்தக் காலே போய்விட்டது! மனம் தளர்ந்தாரா? இல்லை. சக்கரத்தில் உட்கார முடியாதவர் களிமண்ணையும் பூச்சையும் ஆராயத் தொடங்கினார். எந்தக் கலவை, எவ்வளவு, சூளையில் என்ன ஆயிற்று என்று ஒவ்வொரு சோதனைக்கும் எண் போட்டு நோட்டில் எழுதினார். அவர் செய்த வெளிர்நிறப் பாத்திரங்கள் அரசி சார்லட் வரைக்கும் போயின. அரசியே வாங்குகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? எங்கிருந்தெல்லாமோ ஆர்டர். 1768இல் அந்தக் காலையே வெட்டி எடுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். மறு வருடம், 1769இல், எட்ரூரியா என்ற பெரிய தொழிற்சாலையைத் திறந்தார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்லஸ் டார்வின் இவருடைய மகள் வயிற்றுப் பேரன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, எல்லாம் இருக்கிறது. பொருள் தரம், பெயர் இருக்கிறது, அரசியின் ஆதரவு இருக்கிறது. 1772இல் லண்டனிலும் எடின்பரோவிலும் வங்கிகள் விழுந்தன. கடன் கிடைப்பது நின்றது, வாங்குவோர் கையை இழுத்துக்கொண்டார்கள். கிடங்கு நிறையச் சரக்கு, கையில் பணம் இல்லை. அப்போதுதான் வெட்ஜ்வுட் உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளுக்கும் அடக்க விலை என்ன என்று கணக்குப் போட்டார். பூச்சுக்கு அத்தனை நோட்டு வைத்திருந்தவர், காசுக்கு அந்த அளவு வைத்திருக்கவில்லை. போட்டுப் பார்த்ததும் இரண்டு விஷயம் தெரிந்தது. வாடகை, அச்சு செய்யும் கூலி, குமாஸ்தா சம்பளம் எல்லாம் நூறு பாத்திரம் செய்தாலும் ஆயிரம் பாத்திரம் செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்படியானால் நிறையச் செய்தால் ஒவ்வொன்றின் மேலும் விழும் செலவு குறையும்; அதுவரை செல்வந்தர்கள் மட்டும் வாங்கிவந்த பூச்சாடி வகைகளை விலை குறைத்து நடுத்தர மக்களுக்கு நிறைய விற்கலாம் என்று கண்டுகொண்டார். இன்னொன்று, கணக்கு எழுதும் இடத்திலேயே ஒருவர் பணத்தில் கைவைத்திருந்தார். அந்த நெருக்கடியில் எத்தனையோ நிறுவனங்கள் மூழ்கின, அவருடையது தப்பித்தது. அந்தப் பெயர் இன்றும் பீங்கான் பாத்திரங்களின் அடியில் இருக்கிறது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அவருக்கு யாரும் சொல்லாத பழமொழி. பட்டுத் தெரிந்துகொண்டார்.

நானும் பட்டவன்தான். என் முதல் தொழில் பதினான்காவது மாதத்தில் நின்றது. ஆர்டர் இல்லாமல் நிற்கவில்லை, ஆர்டர் குவிந்து நின்றது. சரக்கு வாங்க இன்றே பணம் தர வேண்டும், விற்ற பணம் 60 நாள் கழித்து வரும். ஆர்டர் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடியது. தாளில் லாபம் இருந்தது, கல்லாவில் கூலி கொடுக்கப் பணம் இல்லை. என்னை நம்பி வந்த ஆறு பேரை அனுப்பிவைத்த அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கவே இல்லை. லாபம் வேறு, ரொக்கம் வேறு என்று பள்ளியில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்கு, பேனாவை எடுங்கள். மாதம் எப்படியும் ஆகும் செலவு 60,000. எந்த நாட்டுப் பணமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருள் விற்றால், அதற்கான மூலப்பொருள் செலவு போக 40 நிற்கிறது. எத்தனை விற்றால் நஷ்டம் இல்லை? 60,000ஐ 40ஆல் வகுத்தால் 1,500. நாளைக்கு 50. இப்போது பக்கத்துக் கடைக்காரர் குறைக்கிறார் என்று நீங்களும் 10 குறைக்கிறீர்கள். 30தான் நிற்கும். 2,000 விற்றாக வேண்டும். பத்துதானே குறைத்தோம் என்று நினைத்தோம், ஐந்நூறு பொருள் கூடுதலாக விற்றால்தான் பழைய இடத்திலேயே நிற்க முடியும்! இது ஐந்தாம் வகுப்பு வகுத்தல். இதைத் தெரியாமல் மூடிய கடைகளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான் என் கோரிக்கையை இந்த மேடையிலும் வைக்கிறேன், அவைத்தலைவர் பொறுத்தருள வேண்டும். வரவு செலவு எழுதுவது வணிகவியல் படிப்பவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. அறிவியல் படிப்பவர், கலை படிப்பவர், தொழிற்கல்வி படிப்பவர் என்று பள்ளியை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ரொக்கப் புத்தகமும், ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியாகப் பதியும் பேரேடும் எழுதத் தெரிய வேண்டும். வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். பற்றும் வரவும் இரண்டு பக்கமும் எழுதும் முறையை வெனிஸ் வணிகர்கள் கையாண்டார்கள். லூக்கா பச்சோலி என்ற துறவி அதை விளக்கி அச்சிட்டது 1494இல். ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதை நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் கற்றுக்கொடுக்கிறோம். மின்பொறியாளர் கடை வைப்பதில்லையா? தையல் தெரிந்த பெண் பத்துப் பேரை வைத்து நடத்துவதில்லையா? கணினி செய்துவிடும் என்கிறார்கள். மென்பொருள் கூட்டித் தரும். வீட்டுச் செலவுக்குக் கல்லாவிலிருந்து எடுத்ததை நீங்கள் பதியாவிட்டால் அது எதைக் கூட்டும்? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றுதான் சொன்னார்கள், அளக்கிற வேலையை ஆற்றிடம் விடச் சொல்லவில்லை.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. நான்காவது, ஆட்கள் விஷயம்: சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள், அதற்கும் கணக்குதான் வேண்டும். ஐந்தாவது, சட்டம்: பங்குதாரர் உடன்பிறந்தவராக இருந்தாலும் எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். மற்றதை வழக்கறிஞர் ஐயா பிற்பகல் அமர்வில் சொல்வார்.

வாசல் பக்கத்து மேசையில் கல்வித்துறைக்கு அனுப்பும் மனு இருக்கிறது. படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். பக்கத்தில் கோடு போட்ட நோட்டுகள் அடுக்கியிருக்கிறோம், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய தேதியைப் போட்டு, காலையிலிருந்து செலவழித்ததை வீடு போய்ச் சேர்வதற்குள் எழுதுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.