கையைப் பிடிக்காதீர்கள், கையைக் கொடுங்கள்

(நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தம்பிகளே, தங்கைகளே,

பேருந்து நிறுத்தத்தில் பார்வையில்லாத ஒருவர் வெண்கோலோடு நிற்கிறார். நல்ல மனசுக்காரர் ஒருத்தர் ஓடி வந்து, ஒரு வார்த்தை கேட்காமல், கோலின் மறுமுனையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ப்பக்கம் விட்டுவிட்டுப் போகிறார். நின்றவருக்கு வரவேண்டிய பஸ்ஸோ இந்தப் பக்கம்தான் வரும். அன்றாடம் நடக்கிற கூத்து இது. இரக்கம் நிறைய இருக்கிறது. கேட்கிற பழக்கம்தான் இல்லை.

முதலில் கேளுங்கள். முன்பக்கமாகப் போய், "சார், உதவி வேணுமா? எங்க போகணும்?" என்றால் போதும். கத்த வேண்டாம், அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். "வேண்டாம்ப்பா" என்றால் சரி என்று நகர்ந்துவிடுங்கள். அதில் வருத்தப்பட எதுவுமில்லை.

வேண்டும் என்றால், உங்கள் புறங்கையால் அவர் புறங்கையை லேசாகத் தொடுங்கள். உங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவரே பிடித்துக்கொள்வார். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். நீங்கள் அவரைப் பிடித்தால் என்ன ஆகும்? அவரை முன்னால் தள்ளுகிறீர்கள். பள்ளம் வந்தால் முதலில் விழுவது அவர். அவர் உங்களைப் பிடித்தால், நீங்கள் திரும்புவது, நிற்பது, ஏறுவது எல்லாம் உங்கள் கை வழியாகவே அவருக்குத் தெரிந்துவிடும். கோல் பிடித்த கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்.

படிக்கட்டு வந்தால் முதல் படிக்கு முன் ஒரு கணம் நின்று, "படி ஏறுது" அல்லது "படி இறங்குது" என்று சொல்லுங்கள். வெறும் "படி" என்றால் மேலா கீழா என்று எப்படித் தெரியும்? கடைசிப் படியில் "முடிஞ்சது" என்று சொல்ல மறப்பவர்கள்தான் அதிகம். இல்லாத படிக்குக் காலைத் தூக்கி வைத்துத் தடுமாறுவது அதனால்தான். இடுக்கான வழியில் உங்கள் கையை முதுகுப்பக்கம் மடக்கினால் போதும், அவர் தானாகவே உங்கள் பின்னால் வந்துவிடுவார்.

பஸ்ஸில் ஏற்றும்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள். தட எண்ணையும் போகும் ஊரையும் வாசித்துச் சொல்லி, கதவுப் பக்கத்துக் கம்பியில் அவர் கையை வையுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நாற்காலியும் அப்படியே. சாய்மானத்தில் கை பட்டால் அவரே உட்கார்ந்துவிடுவார். கிளம்பும்போது "நான் கிளம்பறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆளில்லாத இடத்தைப் பார்த்து ஒருவரைப் பேச விடுவதைவிடச் சங்கடம் வேறில்லை.

ரயில் நிலையத்திலும் நடைபாதையிலும் காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படுகிற மேடுள்ள மஞ்சள் ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளக் கோடு என்றால் நேரே போகலாம். புள்ளி என்றால் நில், கவனி. அதன்மேல் பைக்கை நிறுத்தாமலிருப்பதும் உதவிதான். யாரும் நன்றி சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

கடையில் நிற்பவர்களுக்கு ஒன்று. 100 ரூபாய் நோட்டு 142 மில்லிமீட்டர் நீளம், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றுதான், 66. நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை விரலால் கண்டுபிடிக்க வேண்டும். ஓரத்தில் இருக்கிற மேடுக் கோடுகளோ நோட்டு பழசானால் தேய்ந்துவிடும். அதனால் மீதியைக் கத்தையாகத் திணிக்காமல், "இது 200, இது 50" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் வயதுக்காரர்களால் செய்ய முடிந்த பெரிய வேலை, பார்வையில்லாத மாணவர் விடையைச் சொல்லச் சொல்ல, தேர்வில் ஸ்க்ரைப் ஆக எழுதிக் கொடுப்பது. மத்திய அரசு நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தேர்வு உங்களுக்கு நாலு மணி நேரம். அதைக் கணக்குப் பண்ணிவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். தேர்வன்று காலையில் "ஜுரம், வர முடியல" என்று செய்தி அனுப்பினால், அந்த மாணவருக்கு ஒரு வருஷம் போகலாம். முன்னாலேயே சந்தித்து, அவர் சொல்லும் வேகத்துக்கு எழுதிப் பழகுங்கள். கேள்வியை மதிப்பெண்ணோடு சேர்த்து முழுசாக வாசியுங்கள். கொள்குறி வினாவில் நாலு விடையையும் ஒரே குரலில் வாசியுங்கள். தெரிந்த விடையில் குரல் தானாக ஏறும், அதை அடக்க வேண்டும். அவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுதுங்கள். திருத்துவது உதவி அல்ல, மோசடி. பிடிபட்டால் போவது அவர் தேர்வு. அரை மணிக்கொரு தடவை நேரத்தைச் சொல்லுங்கள்.

பேச்சு போதும். இரண்டிரண்டு பேராக எழுந்து நில்லுங்கள். ஒருவர் துண்டால் கண்ணைக் கட்டிக்கொள்ளட்டும், மற்றவர் இந்த மேடைப் படியில் ஏற்றி இறக்கட்டும். பார்வையில்லாதவர் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இதில் தெரியாது, அப்படி நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். கூட்டிப் போகிறவர் எங்கே சொதப்புகிறார் என்பது மட்டும் தெரியும். இறங்கியதும் ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரிசை, வாங்க.