சவப்பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். சாவும் இருளும் பாடுபொருளான ராக் இசைதான் கோத் ராக். அது என்றாலே இங்கிலாந்தின் பவுஹவுஸ் குழு 1979இல் வெளியிட்ட இசைத்தட்டிலிருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். சரி, இருக்கட்டும். அமெரிக்கக் கோத்துக்கு அதைவிடப் பழைய வேர் உண்டு. அதில் வானொலிக்காரர் ஒருவருக்கும் பங்கு இருக்கிறது.

அவர் ஆலன் ஃப்ரீட். ராக் அண்ட் ரோல் என்ற பெயரை நாடெங்கும் பரப்பிய அறிவிப்பாளர். 1956இல் ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் என்ற கறுப்பினப் பாடகர், ‘ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ’ என்ற பாட்டை அலறித் தீர்த்தார். மேடையில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடு என்றார் ஃப்ரீட். மாட்டேன் என்ற ஹாக்கின்ஸ், 300 டாலரைக் கண்டதும் இறங்கி வந்தார் என்பார்கள். அப்புறம் அந்தப் பெட்டி அவரை விடவே இல்லை.

அடுத்தவர் ஆலிஸ் கூப்பர். பாம்பு, தூக்குமேடை, தலை வெட்டும் கில்லட்டின் என்று மேடையையே கொலைக்களமாக்கியவர். ஆனால் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது ஒரு கோழி! 1969 செப்டம்பரில் டொராண்டோ கச்சேரியில் மேடைக்கு ஒரு கோழி வந்து சேர்ந்தது. இறக்கை இருக்கிறதே, பறக்கும் என்று நினைத்துக் கூட்டத்தின் மேல் வீசினேன் என்கிறார் அவர். கூட்டம் அதைப் பிய்த்து எறிந்துவிட்டது. கோழியின் தலையைக் கடித்து ரத்தம் குடித்தார் என்று செய்தி பரவியது. இசைக்கலைஞர் ஃப்ராங்க் ஸப்பா தொலைபேசியில் விசாரித்தாராம். இல்லை என்று பதில் வந்ததும், “அதை யாரிடமும் சொல்லிவிடாதே” என்ற மாதிரி அறிவுரை சொன்னாராம். அதிர்ச்சி வியாபாரத்தின் பாலபாடம் அதுதான் என்பேன்.

இந்த ஆலிஸ் கூப்பர் ஒரு போதகரின் மகன். லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் 1979இல், 16 வயது வாக்கில், கிறிஸ்டியன் டெத் குழுவைத் தொடங்கிய ராஸ் வில்லியம்ஸும் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பக்தியான குடும்பத்துப் பையன். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எதைத் தொட்டால் பெரியவர்கள் பதறுவார்கள் என்பது கோயில் வீட்டுப் பிள்ளைக்குத்தானே தெரியும்? 1982இல் வந்த அவர்களின் முதல் ஆல்பம் பங்க் என்ற முரட்டு ராக்கின் வேகமும் செபத் தொனியும் கலந்தது. அந்த ஊர்க்காரர்கள் இந்த அமெரிக்கக் கோத்தை டெத் ராக் என்றார்கள்.

குழுவின் பெயரே பலரைப் பதற வைத்தது. அதுவோ கிறிஸ்டியன் டியோர் என்ற பாரிஸ் உடை வடிவமைப்பாளரின் பெயரை வைத்து அடித்த கிண்டல்.

நன்றி, வணக்கம்.