ஆள் நல்லாத்தானே இருக்கார்?

(களக்காட்டில் ஓர் ஊர்க் கூட்டத்தில் பேசியது)

அண்ணாச்சிமாரே, தாய்மாரே, வணக்கம். நான் வக்கீல் இல்லை. என் அண்ணனுக்காக நாலு வருஷம் பாளையங்கோட்டை கோர்ட்டுக்கு நடந்தவன். விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கேட்டு வழக்கு நடத்துவது பற்றி அந்த நடையில் கற்றதைச் சொல்கிறேன்.

அண்ணன் ஏத்தங்காய் வியாபாரி. தாரைத் தூக்கிப் பார்த்தே எடை சொல்வார். கால்குலேட்டரைத் தட்டுகிறவர் நிமிர்வதற்குள் எடையையும் விலையையும் மனசிலேயே பெருக்கித் தொகையைச் சொல்லிவிடுவார். நாங்குநேரிக்கு இந்தப் பக்கம் ஒரு வேன் அவர் பைக்கில் மோதி, தலையில் அடிபட்டு, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் நினைவில்லாமல் கிடந்தார். அப்புறம் எழுந்தார், நடந்தார், சாப்பிட்டார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் "ஆள் நல்லாத்தானே இருக்கார்" என்றார்கள், நாங்களும் நம்பினோம். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் திண்ணையில் சாத்தியிருந்த நாலு தாரை எண்ணினார். திரும்ப எண்ணினார். மதினி வைத்த காப்பி ஆறி ஏடு படிந்த பிறகும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

கை போனால் நீதிபதி கண்ணுக்குத் தெரியும். மறதி, சட்டென்று பொங்கும் கோபம், ரெண்டு பேர் சேர்ந்து பேசினால் வரும் குழப்பம் இதெல்லாம் ஸ்கேன் படத்தில் முழுசாகத் தெரியாது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீல் மதினியைக் கூண்டில் ஏற்றி, தானாக நடக்கிறாரா, பேரைச் சொல்கிறாரா, கையெழுத்துப் போடுகிறாரா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பதுதான் உண்மையான பதில். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய கணக்கு நோட்டு. அண்ணன் மகன் அதன் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போனார், 300 ரூபாய்க்கு 3000 கொடுத்துவிட்டு வந்தார், அவனையே சித்தப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு நரம்பியல் மருத்துவர் ஞாபகசக்திக்கும் கவனத்துக்கும் பரிசோதனை எடுத்து, அந்த நோட்டில் இருப்பது இந்தக் காயத்தால் வருவதுதான் என்று சாட்சி சொன்னார். அதற்கப்புறம்தான் வழக்குக்கு உயிர் வந்தது.

இனி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள், குடும்பங்கள் ஏமாறுகிற இடம் இதுதான். மருத்துவக் குழு ஊனம் 40 சதவீதம் என்று சான்று தருகிறது என்று வையுங்கள். சம்பாதிக்கும் திறனும் 40 சதவீதம்தான் போயிற்று என்று அர்த்தமில்லை. 2010-இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஒரு கை போன டிரைவருக்கும் தச்சருக்கும் பிழைப்பே போகலாம், அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை தொடரலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயது, மாதம் 15,000 ரூபாய் வருமானம், சொந்தத் தொழில் என்றால் எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 21,000. வருஷத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கு கோர்ட் வருஷ வருமானத்தைப் பெருக்குகிற எண் 15, ஆக பிழைப்பு முழுசாகப் போனவருக்கு 37,80,000. ஊனச் சதவீதத்தை அப்படியே போட்டால் வருவது 15,12,000. அந்த ஆள் என்ன வேலை செய்தார், அந்த வேலைக்கு என்ன மூளை வேண்டும் என்று கோர்ட்டில் யாரும் எடுத்துச் சொல்லாததால் போகிற பணம் 22 லட்சத்துக்கும் மேல்.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர் செலவையும் கேட்க வேண்டும். மனைவி பார்க்கிறார், அம்மா பார்க்கிறார் என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. டிராக்டர் மோதி மூளை பாதித்த 12 வயதுச் சிறுமிக்கு விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் 11 லட்சத்துச் சொச்சம் கொடுத்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அதை 62,27,000 ஆக்கியது. அதில் 21,60,000 உதவியாளர் ரெண்டு பேருக்கானது.

சரி, நாளைக்கே யாருக்காவது இப்படி ஆனால் என்ன செய்வது? ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்று கூட இருப்பவர் பாருங்கள். பதற்றத்தில் யாரோ "வழுக்கி விழுந்துட்டார்" என்று சொல்லிவிட்டால் எதிர்த் தரப்பு கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளும். மோதிய வண்டி, மயங்கியது, வாந்தி, காதில் வந்த ரத்தம் எல்லாம் பதிவாக வேண்டும். வார்டுக்கே தேடி வந்து, "அஞ்சு பைசா வேண்டாம், நாங்க பார்த்துக்கிடுதோம்" என்று எதுவும் எழுதாத வக்காலத்தில், அதாவது வக்கீலை நியமிக்கிற தாளில், கையெழுத்துக் கேட்கிறவர்களை வெளியே அனுப்புங்கள். எங்களிடமும் வந்தார்கள், அப்போது மதினிக்குப் படிக்கிற நிலையே இல்லை. அடிபட்டவருக்கு விவரம் புரியாத நிலை என்றால் அவர் சார்பில் மனைவியோ பெற்றோரோ வழக்குப் போடலாம். காசில்லையே என்று நிற்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், 15100-க்குப் போன் போட்டும் கேட்கலாம்.

சமரசத் தொகை என்று சீக்கிரமே ஒன்று நீட்டுவார்கள். காயத்தின் முழுக் கணக்கு தெரிய மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் வாங்கி முடித்துவிடாதீர்கள். ஆனால் மனுவைத் தள்ளிப்போடக் கூடாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள்தான், அதை நம்பி நீங்கள் உட்கார்ந்திருக்காதீர்கள்.

கூட்டம் முடிந்ததும் நான் இங்கேதான் இருப்பேன். டிஸ்சார்ஜ் சீட்டு, எஃப்.ஐ.ஆர். எது கையில் இருக்கிறதோ எடுத்து வாருங்கள், முதலில் விபத்துத் தேதியிலிருந்து நாளை எண்ணிப் பார்ப்போம்.