ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்

(எங்கட சபையில ஓய்வுநாள் பாடசாலை ஆண்டு விழாவுல நான் பேசினத எழுதித் தாங்க எண்டு ரெண்டு மூண்டு பேர் கேட்டாங்க. பேசின மாதிரியே எழுதியிருக்கன், கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்க.)

எல்லாருக்கும் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின்ட நாமத்தில ஸ்தோத்திரம். மேடையில இருக்கிற எங்கட சேகர முகாமைக் குருவானவர் ஐயா அவர்களே, அம்மா அவர்களே, பிரதேச செயலகத்தில இருந்து எவ்வளவோ வேலைக்குள்ளயும் வந்திருக்கிற அம்மா அவர்களே, வலயக் கல்விப் பணிமனையில இருந்து வந்திருக்கிற சேர் அவர்களே, பக்கத்து இந்துக் கோயில் அறநெறிப் பாடசாலைப் பொறுப்பாளர் ஐயா அவர்களே, நீங்க வந்தது எங்களுக்கு பெரிய சந்தோசம், ஏனெண்டு மறுகா சொல்லுவன். மறைக்கல்வி நடத்துற அருட்சகோதரி அவர்களே, கிராம சேவகர் தம்பி, ஓய்வுநாள் பாடசாலை ரீச்சர்மார், பெற்றோர், பிள்ளையள், கடைசியா மைக் செட் போட்ட தம்பி. போன வருசம் இவர சொல்ல மறந்துபோய் அவர் ஒரு வருசமா என்னோட முகம் குடுத்துக் கதைக்கல்ல. அதுமட்டுமில்ல, நடுப்பேச்சுல மைக்கும் ரெண்டு தரம் நிண்டது. அது கரண்ட் பிரச்சினை எண்டுதான் அவர் சொன்னவர், நானும் நம்பிட்டன்.

எனக்கு தந்தது 15 நிமிசம். அதில 4 நிமிசம் வணக்கத்துக்கே போயிட்டு.

போதகர் ஐயா போன கிழமை போன் பண்ணி, "மத்தேயு 6:33 வச்சுப் பேசுங்க ஐயா, முதலாவது தேவனுடைய ராஜ்யம்" எண்டார். சரி எண்டன். மூண்டு விசயம் ஒரு துண்டுல எழுதிக்கொண்டு வந்திருக்கன். ஒண்டு காசு, ரெண்டு வெளிநாடு, மூண்டு பிள்ளையள். மூண்டுலயும் நம்மட நிலைமை ஒண்டுதான், எங்கட அப்பம்மா சொல்ற மாதிரி ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.

நம்மட கலியாணக் காட்ட எடுத்துப் பாருங்க, மேலால "கர்த்தருக்குச் சித்தமானால்" எண்டு அச்சடிச்சிருக்கும். ஆனா அந்தக் காட் அச்சுக்குப் போக முன்னமே ஹோல் புக் பண்ணி அட்வான்ஸ் குடுத்து, வீடியோக்காரர பிடிச்சு, ஐஸ்கிறீம் வரைக்கும் பேசி முடிச்சு, சீதன வீட்டுக்கு ஓடும் போட்டுட்டு, மறுகாதான் கடவுளுக்கு ஒரு காட் அனுப்புறம். அவரும் விருந்தாளிதான், அதுவும் பின்வரிசை.

யாக்கோபு நிருபம் 4ஆம் அதிகாரத்தில ஒரு கூட்டம் வருது, இண்டைக்கோ நாளைக்கோ இன்ன பட்டணத்துக்குப் போவம், ஒரு வருசம் நிண்டு வியாபாரம் செய்வம், சம்பாதிப்பம் எண்டு. அத வாசிக்கக்குள்ள எல்லாம் எனக்கு கட்டார் போக ஏஜென்சிக்குக் காசு கட்டின நம்மட பொடியன்மார்தான் ஞாபகம் வாறது. யாக்கோபு போகாத எண்டு சொல்லல்ல, நாளைக்கு நடக்கிறது உனக்குத் தெரியாதே தம்பி, கேட்டுட்டுப் போ எண்டுதான் சொல்றார். நாங்க டிக்கெட்ட எடுத்துட்டு வந்து "ஜெபிச்சுக்கொள்ளுங்க ஐயா" எண்டு சொல்லுவம். வெளிநாட்டு விசயத்தில இன்னும் கனக்க இருக்கு, முக்கியமா தாய் வெளிநாட்டுல பிள்ளை இங்க எண்டு இருக்கிற வீடுகள், அத வேற நாள் பாப்பம்.

காசு விசயம், ஆகாய் தீர்க்கதரிசி சொன்ன பொத்தல் பை ஒண்டு இருக்கு, சம்பாதிச்சு சம்பாதிச்சு ஓட்டைப் பைக்குள்ள போடுறது. ஜெருசலேமுக்குத் திரும்பி வந்த சனம் தங்கட வீட்டுக்கு பலகை அடிச்சு மினுக்கிட்டு ஆலயத்த பாழா விட்டிருந்த நேரம் அவர் கேட்டது அது. லோன்காரர் என்ன கிழமை வருவார் எண்டு நம்மட வீட்டுல எல்லாருக்கும் மனப்பாடம், ஆலயத்தில இந்தக் கிழமை என்ன பாடம் வாசிச்சது எண்டு கேட்டா முகத்த முகத்த பாப்பம்.

எங்கட பெரியப்பாட கதைய சொன்னாத்தான் இது விளங்கும். சில பேர் கேட்டிருப்பீங்க, கேட்டவங்க கேக்காத மாதிரி இருங்க.

அப்ப எனக்கு 11 வயசு. நாங்க வாவிக்கு அங்கால இருந்தம், பாலத்தால சுத்தி வாறதவிட தோணியில வந்தா கிட்ட. பெரியப்பா கோயில்ல காணிக்கை எண்ணுறவர், அதோட பாதர்மார் உடுக்கிற மாதிரி வெள்ளை வெளேரெண்டு வேட்டி, சால்வை, பெரியம்மா நீலம் போட்டு வெளுத்து வைப்பா. அண்டைக்குத் திருவிருந்து ஞாயிறு. போன கிழமைக் காணிக்கை ஒரு கடுதாசி உறைக்குள்ள மடியில இருக்கு. நானும் சின்னம்மாட மகனும் ஏறிட்டம், தோணிக்காரன் கம்ப ஊண்டிட்டு நிக்கிறான். பெரியப்பா ஒரு கால தோணியில வச்சார். அந்த நேரம் பாத்து கரையால வாறார் ஒரு மீன்காரண்ணன், வலை வாங்கப் பெரியப்பாட்ட 75 ரூபா கடன் வாங்கி ஆறு மாசமா கண்ணுல படாத மனிசன், அதுவும் கையில ரெண்டு பெரிய கொடுவா மீனோட.

பெரியப்பாக்கு அந்த மீனக் கண்டதும் பொறுக்கல்ல. "டேய், நில்லுடா அங்க" எண்டார். ஒரு கால் தோணியில, மற்றக் கால் கரையில. அவன் "கோயிலுக்குப் போற நேரம் என்னத்துக்கு அண்ணே, மறுகா கதைப்பம்" எண்டான், பாருங்க கடன்காரனுக்கு இருந்த பக்தி. தோணிக்காரன் "ஐயா, ஏறினா ஏறுங்க, இறங்கினா இறங்குங்க" எண்டு சொல்றான். பெரியப்பா ரெண்டு பக்கமும் விரல நீட்டி நீட்டிப் பேசுறார், வட்டிக் கணக்கு வேற சொல்றார். தோணி மெல்ல மெல்ல விலகுது. நாங்க பொடியன்மார் ரெண்டு பேரும் பாத்துட்டு இருக்கம், சொன்னா அடி விழும் சொல்லாட்டியும் அடி விழும், அதால பேசாம இருந்தம். கால் ரெண்டும் விரியுது விரியுது, வேட்டி தாங்கிற அளவுக்கு மேல விரிஞ்சிட்டு, மறுகா ஒரு சத்தம். அவ்வளவுதான். கண்ணாப் பத்தைக்குப் பக்கத்தில நல்ல கறுத்தச் சேறு, இடுப்பளவுக்கு.

இழுத்து எடுத்தது ஆர் தெரியுமா? அந்த மீன்காரண்ணன்தான். மீன கரையில எறிஞ்சிட்டுக் குதிச்சான், மனிசன தோளுல போட்டு எடுத்தான், வாவித் தண்ணியில கழுவி விட்டான். அதுக்குப் பிறகு எப்பிடி அவனிட்ட கடன் கேக்கிற? பெரியப்பா சாகும் வரைக்கும் அந்த 75 ரூபாய வாய் திறந்து கேக்கல்ல. காணிக்கை உறையும் சேறு, அந்தக் காலத்து ஒரு ரூபா ரெண்டு ரூபாத் தாள் எல்லாத்தையும் ஆலய யன்னல் கட்டுல வரிசையா காயப்போட்டு, காத்துக்குப் பறக்காம மேல பாட்டுப்புத்தகங்கள வச்சிருந்தாங்க, அண்டைக்கு பாட்டுப்புத்தகம் இல்லாம சனம் தெரிஞ்ச பாட்டையே திரும்பத் திரும்பப் படிச்சது. அப்பம்மா ஒரு வார்த்தைதான் சொன்னவ: "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்." எங்கட வீட்டுல அந்தப் பழமொழிக்கு இதுதான் விளக்கவுரை.

சரி, இனி மூண்டாவது விசயம். உண்மையச் சொன்னா நான் வந்ததே இதுக்குத்தான்.

நம்மட மட்டக்களப்புப் பட்டினத்தில வில்லியம் ஓல்ட் ஐயர்ட சிலைய தாண்டித் தாண்டி எத்தனை தரம் போயிருப்பம். 1814 ஜூன் 29 இலங்கையில வந்து இறங்கின மெதடிஸ்த மிசனரிமார்ல ஒராள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவர் தோமஸ் கோக், 66 வயசு, தன்ர சொந்தக் காசப் போட்டுப் புறப்பட்டவர், மே 3ஆம் திகதி நடுக்கடல்லயே செத்துப்போனார். ஓல்ட் ஐயர்ட மனைவியும் அதே பயணத்தில கப்பல்லயே செத்தவ. தலைவரும் இல்ல, மனைவியும் இல்ல. ஆரா இருந்தாலும் அடுத்த கப்பல்ல ஊருக்குத் திரும்பியிருப்பாங்க. அவர் மட்டக்களப்புக்கு வந்தார், தமிழ் படிக்கத் தொடங்கினார், பள்ளிக்கூடம் திறந்தார், 1815 ஏப்ரல்ல இங்கயே செத்தார். ஒரு வருசம்கூட இல்ல. நம்மட மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814 எண்டு பேர்ப்பலகையில போடுற வருசம் அவர்ட வருசம்தான். பிறகு 1820ல வின்சன்ட் பெண்கள் பள்ளிக்கூடம். நான் ஏன் இதச் சொல்றன் எண்டா, படிப்புக்கு எதிரா நான் கதைக்கிறன் எண்டு ஆரும் நினைக்கக் கூடாது. தேவ சித்தம்தான் முதல் எண்டு வந்த மனிசன்தான் நமக்குப் பள்ளிக்கூடத்தையே தந்தது. இப்ப அந்தப் படிப்பையே காட்டி பிள்ளைய ஆலயத்தால வெளிய எடுக்கிறம்.

ஞாயிறு காலமை ரியூசன். ஓம், அதுதான். 7.30க்குத் தொடங்கி 11 மணி வரைக்கும். ஐஞ்சாம் வகுப்பு ஸ்கொலர்ஷிப் கிளாஸ், பதினோராம் வகுப்பு ஓஎல் கிளாஸ், உயர்தர ஏஎல் தியரி, பேப்பர் கிளாஸ், ரிவிசன், மறுகா ரிவிசனுக்கு ரிவிசன். எங்கட ஓய்வுநாள் பாடசாலையில ஐஞ்சாம் வகுப்புப் பிள்ளையள் இருக்கிற வாங்கு வெறுமையா இருக்கு, போன கிழமை அதுல பூச்சாடி வச்சிருந்தாங்க. 10 வயசுப் பிள்ளை. ஒரு தாய்ட்ட கேட்டன், என்ன புள்ள மகளக் காணல்ல எண்டு. "ஞாயிறு வரல்லண்டா இடம் இல்லயாம் சேர்" எண்டா. எந்த இடம் எண்டு நான் சொல்லப்போறதில்ல.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்ப மேடையில சொல்ல எனக்கு விருப்பமில்ல, அதுல கைதட்டு வாங்கினா பாவம். ஆனா சொல்லாம ஏலா. சீயோன் ஆலயத்தில அண்டைக்குச் செத்ததுல கன பிள்ளையள் ஓய்வுநாள் வகுப்புக்கு வந்த பிள்ளையள். உயிர்த்த ஞாயிறு. அதுக்குப் பிறகும் நம்மட தாய்மார் பயந்து பயந்து, பையச் சோதிச்சு, வாசல்ல ஆமி நிக்க நிக்க, பிள்ளையள கூட்டிட்டு வந்தாங்க. குண்டுக்கு நிக்காத பிள்ளையள் ரியூசன் நோட்டீசுக்கு நிண்டுட்டு.

கெத்செமனேயில வேர்வை இரத்தத் துளி மாதிரி விழக்குள்ளதான் ஆண்டவர் "என்னுடைய சித்தத்தின்படியல்ல" எண்டு ஜெபிச்சது. நம்மட்ட கேக்கிறது மூண்டரை மணித்தியாலம்.

நானும் சுத்தமானவன் இல்ல. 31 வருசம் கணக்குப் படிப்பிச்சவன், 90கள்ல எங்கட வீட்டு விறாந்தையில ஞாயிறு காலமை ஓஎல் கணக்கு கிளாஸ் நடத்தினது நான்தான், இதுல இருக்கிற சில பேர் அங்க இருந்தவங்க, சிரிக்கிறீங்க. 8 மணிக்கு ஆலய மணி அடிக்கும். வீடு கிட்ட, பிள்ளையளுக்கு நான் சொல்றது கேக்காது. சோக்கட்டியோட கைய தூக்கி வச்சிட்டு "அடிச்சு முடியட்டும்" எண்டு நிப்பன். மணி நிண்டதும் விட்ட இடத்தில இருந்து தொடருவன். அது என்ன கூப்பிடுற மணி எண்டு அஞ்சாறு வருசமா எனக்கு விளங்கல்ல, இடைஞ்சல் எண்டுதான் நினைச்சன். அந்தக் காசுல வாங்கின மோட்டர்சைக்கிள் இப்பவும் வளவுக்குள்ள கறள் பிடிச்சுக் கிடக்கு, ஸ்டார்ட் வராது.

இனி அறநெறி ஐயாட்ட வாறன். இது வேதக்காரர்ட பிரச்சினை மட்டுமில்ல, உங்கட பிள்ளையளும் ஞாயிறு காலமைதான் அறநெறிக்கு வரவேணும், அவங்களையும் அதே கிளாஸ்தான் பிடிச்சு வச்சிருக்கு. காத்தான்குடிப் பக்கம் வெள்ளிக்கிழமைக்கும் இதே கதைதான் எண்டு ஒரு மௌலவி என்னோட சொன்னார். அதால எல்லாருமாச் சேந்து ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கம்: ஞாயிறு பகல் 12 மணி வரைக்கும் பத்தாம் வகுப்புக்குக் கீழ ரியூசன் வேணாம். வலயத்து சேர் அவர்களே, உங்கள கூப்பிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம், முன்னாலயே சொல்லாததுக்கு மன்னிக்கவேணும், சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க.

வாத்திமார் என்னோட கோவிக்கிறாங்க, வயித்துல அடிக்கிறன் எண்டு. 12 மணிக்குப் பிறகு நடத்துங்க, நான் வந்து கரும்பலகை துடைச்சுத் தாறன். பெற்றோர்தான் கூடப் பயப்படுறாங்க, மற்றப் பிள்ளை முந்திரும் எண்டு. எல்லாப் பிள்ளையும் ஒரே நேரம் நிண்டா ஆர் முந்துற? அதுக்குத்தான் தனிய இல்லாம எல்லாரும் கையெழுத்து வைக்கச் சொல்றன். ஆலயத்தில "ஆமென்" சொல்லிட்டு வெளிய போய் கிளாசுக்குக் காசு கட்டினா, அது பெரியப்பா நிண்ட நில்லுதான்.

விண்ணப்பம் பின்னால மேசையில இருக்கு, பற்றீசுக்குப் பக்கத்தில. வேணுமெண்டுதான் அங்க வச்சது. முதல் கையெழுத்து மறுகா பற்றீஸ். பேனை ஒண்டுதான் இருக்கு, நூலால கட்டியிருக்கு, இழுக்காதீங்க. அடுத்தது குட்டிப் பிள்ளையள்ற அபிநயப் பாட்டு எண்டு துண்டு அனுப்பியிருக்காங்க, மைக் செட் தம்பியும் கையக் காட்டுறார், நான் இறங்குறன்.